வாட்ச் 176, நெஞ்சுப்பட்டி 132: பிழை எதில் என்று கண்டுபிடிப்பது எப்படி?

திருகோணமலை டச்சு பே கடற்கரை வீதியில் காலை ஐந்தரைக்கு ஓடிக்கொண்டிருந்தோம். கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகம்தான். கூட ஓடிய தம்பி திடீரென்று நின்று கையை நீட்டினான். வாட்சில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 176. காற்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தால், துடிப்பை எண்ண நெஞ்சைச் சுற்றிக் கட்டியிருந்த நெஞ்சுப்பட்டி அனுப்பிய எண் 132. "அண்ணா, இதில எதை நம்புறது? எனக்கு ஏதும் வருத்தமா?" என்று கேட்டான்.

அந்தப் பயம் எனக்குத் தெரியும். நானும் ஒரு பிழையான எண்ணை நம்பி, ஓட வேண்டிய நாட்களில் மாதக்கணக்கில் நடந்திருக்கிறேன். அதன் பிறகுதான் இந்த இரண்டு கருவிகளும் எப்படி எப்படிப் பிழைக்கும் என்பதைக் கவனித்துக் குறித்துவைக்கத் தொடங்கினேன். "பட்டிதான் சரி, வாட்ச் சும்மா" என்று பலர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது சரியில்லை. இரண்டும் பிழைக்கும். ஆனால் வாட்ச் பிழைக்கும் விதம் வேறு, பட்டி பிழைக்கும் விதம் வேறு. எண்ணை மட்டும் பார்க்காமல், ஓடி முடித்த பிறகு செயலியில் வரும் கோட்டின் வடிவத்தைப் பார்த்தால், பெரும்பாலும் அந்தக் கோடே காரணத்தைச் சொல்லிவிடும்.

எதற்கும் முன்: நீங்கள் ஒப்பிடுவது உண்மையிலேயே இரண்டு கருவிகளைத்தானா?

நெஞ்சுப்பட்டியை வாட்சோடு இணைத்துவிட்டால், பெரும்பாலான வாட்சுகள் தங்கள் சொந்தக் கணக்கை விட்டுவிட்டுப் பட்டி அனுப்பும் எண்ணையே காட்டும். "இரண்டும் அச்சொட்டாக ஒன்றாக இருக்கின்றன, என்ன அருமை" என்று சொன்ன ஒருவரின் வாட்சைத் திறந்து பார்த்தபோது இதுதான் நடந்திருந்தது. ஒப்பிட வேண்டுமானால் பட்டியைப் போனில் உள்ள ஒரு செயலியோடு இணையுங்கள். வாட்சின் சென்சர் பட்டியலுக்குள் போய், பட்டியை அதிலிருந்து நீக்கிவிடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடக்கி, பிறகு இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. பட்டி வாட்சில் அகப்படவே இல்லை என்பார்கள். பழைய பட்டிகள் பல, புளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடு மட்டும்தான் பேசும். போன் அதை ஏற்கெனவே பிடித்துவைத்திருந்தால் வாட்சுக்கு அது தெரியாது. போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி தேடுங்கள். போலார் எச்10 போன்ற புதியவை இரண்டு புளூடூத் இணைப்புகளையும் கூடவே ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா முறையையும் தாங்கும். கூட்டமாக ஓடுகிறவர்கள் பட்டியின் மேல் அச்சடித்திருக்கும் அடையாள எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். பக்கத்தில் ஓடுபவரின் இதயம் உங்கள் வாட்சில் துடிக்கக்கூடும்.

வேலை செய்யும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மிச்சம் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. வாட்சின் அடியில் பச்சை வெளிச்சம் மின்னும். இரத்தம் பச்சை நிறத்தை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலின் கீழே இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறையும்; வாட்ச் எண்ணுவது அந்த ஏற்ற இறக்கத்தை. நெஞ்சுப்பட்டியோ, இதயம் சுருங்குவதற்கு முன் எழும் மின் சைகையை இரண்டு றப்பர் தகடுகளால் பிடிக்கிறது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பதும் இதே மின்சாரத்தைத்தான். ஆகவே வாட்சைக் குழப்புவது அசைவு. பட்டியைக் குழப்புவது உலர்ந்த தோல்.

ஓடத் தொடங்கியதும் வாட்ச் 165–180க்குப் பாய்ந்து அங்கேயே நிற்கிறது. பட்டி 130 சொல்கிறது

தம்பிக்கு நடந்தது இதுதான். வாட்ச் அவனுடைய இதயத்தை எண்ணவில்லை, காலடியை எண்ணியது. ஓடுபவர்களில் பெரும்பாலானோர் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடிகள் வைப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் கை ஆடுகிறது, வாட்ச் குதிக்கிறது, தோலுக்கும் கண்ணாடிக்கும் இடையில் வெளிச்சம் புகுந்து வெளியேறுகிறது, மணிக்கட்டில் இரத்தமும் குலுங்குகிறது. வாட்சுக்குள் அசைவை அளக்கும் சென்சரும் இருக்கிறது. அதை வைத்து இந்த ஆட்டத்தைக் கழித்துவிட அது முயலும். துடிப்பின் சைகை பலவீனமாகவும் ஆட்டம் பலமாகவும் இருக்கும்போது எதைக் கழிப்பது, எதை வைத்திருப்பது என்று அதற்குத் தெரியாமல் போகிறது.

வீதியிலேயே இதை உறுதிப்படுத்தலாம். அதே வேகத்தில், அரை நிமிடத்துக்குச் சின்னச் சின்ன அடிகளாக வேகவேகமாக வையுங்கள். வாட்சின் எண்ணும் கூடவே ஏறினால், அது உங்கள் காலைத்தான் எண்ணுகிறது. வீட்டுக்கு வந்து செயலியில் அடி எண்ணிக்கைக் கோட்டையும் துடிப்புக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாலும் தெரியும். இரண்டு கோடும் ஒட்டிப் போகும்.

திருத்துவது பெரும்பாலும் வாட்சை வைக்கும் இடத்தில் இருக்கிறது. மணிக்கட்டின் வெளிப்பக்கம் துருத்தும் எலும்புக்கு மேலே, முழங்கைப் பக்கமாக, இரண்டு விரல் அகலம் தள்ளிக் கட்டுங்கள். அங்கே சதை கூட, எலும்பின் மேடு பள்ளம் குறைவு. விரலால் வாட்சைத் தள்ளினால் தோலும் சேர்ந்து நகர வேண்டும். வாட்ச் தனியே வழுக்கினால் இன்னும் ஒரு துளை இறுக்குங்கள். ஓட்டம் முடிந்ததும் தளர்த்திவிடுங்கள், நாள் முழுக்க அவ்வளவு இறுக்கம் வேண்டாம். ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு ஓடத் தொடங்குங்கள், தோலுக்கு இரத்தம் வந்து சைகை பலமாகும். ஓட்டத்தின் நடுவில் எண் மாட்டிக்கொண்டால் நின்று, வாட்சைத் தோலிலிருந்து சில வினாடிகள் தூக்கிப் பிடித்து, மறுபடி வைத்து, எண் இறங்கி வந்த பிறகு ஓடுங்கள். ஓடிக்கொண்டே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சில வேளை அது தன்பாட்டில் விடுபடாது.

நம் ஊரில் இன்னும் இரண்டு சங்கதிகள். ஒன்று, கோயிலில் கட்டிய காப்பு நூல். வாட்சின் ஓரம் அந்த நூலில் ஏறி நின்றால் போதும், ஒரு பக்கம் இடைவெளி விழுந்துவிடும். நூலை அறுக்கச் சொல்லவில்லை, வாட்சை மற்றக் கைக்கு மாற்றுங்கள். மாற்றினால் எந்தக் கை என்பதை வாட்சின் அமைப்பிலும் மாற்றிவிடுங்கள். மற்றது, தேங்காய் எண்ணெயும் வெய்யிலுக்குப் பூசும் கிறீமும். வாட்சின் கண்ணாடியில் அவை படலமாகப் படிந்துவிடும். கிழமைக்கு இரண்டு தரம் ஈரத்துணியால் துடையுங்கள்.

தம்பியின் வாட்சை இரண்டு விரல் மேலே ஏற்றி ஒரு துளை இறுக்கினேன். கோட்டை வாசல் வருவதற்குள் 134 காட்டியது.

முதல் பத்து நிமிடம் பட்டி 200, 60, 210 என்று துள்ளுகிறது. வாட்ச் அமைதியாக இருக்கிறது

இந்த முறை பிழை பட்டியில். காய்ந்த தோலில் மின்சாரம் சரியாகப் பாயாது. வியர்வை வந்து தகடுகளை நனைத்ததும் கோடு தானாக நேராகும். துள்ளல் தொடக்கத்தில் மட்டும் வந்து பிறகு மறைந்தால் வேறெதையும் சந்தேகிக்க வேண்டாம்.

மாரிக் காலத்தில், வாடைக்காற்றும் ஈரமும் உள்ள காலைகளில், எனக்கு இந்தத் தொல்லை அதிகம் வருவதில்லை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போதுதான் வருகிறது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, சூடாகவும் வறண்டும் நம் பக்கம் இறங்கும் காற்று அது. வியர்வை வரும், ஆனால் நிற்காது. உப்புத்தான் மிஞ்சும். போதாததற்கு, தொளதொளவென்ற பொலியெஸ்டர் ரீசேட் காற்றில் படபடவென்று அடித்து நெஞ்சில் உரசும். அந்த உரசலில் உண்டாகும் நிலைமின்சாரத்தையும் பட்டி துடிப்பாக எண்ணிவிடும். கோட்டில் இது ஊசி ஊசியாகத் தெரியும்: காற்றுக்கு எதிரே ஓடும்போது கூடும், திரும்பிக் காற்றோடு ஓடும்போது அடங்கும். எதிரும் புதிருமாக ஒரே வீதியில் போய்த் திரும்பினால் வித்தியாசம் தெளிவாக விளங்கும்.

தகடுகளை நன்றாகத் தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள். சும்மா ஈரவிரலால் தடவுவது கச்சான் காலத்தில் ஐந்து நிமிடத்துக்குக் காணாது. ஈசிஜிக்குப் பூசும் ஜெல் பாமசியில் கிடைத்தால் கொஞ்சம் தடவுங்கள், அது லேசில் காயாது. பட்டி நெஞ்சுத் தசைக்குச் சற்றுக் கீழே, மூச்சை இழுத்து விடும்போது வழுக்காத அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். ரீசேட்டின் முன்பக்கத்தையும் நனைத்துவிடுங்கள், அல்லது உடம்போடு ஒட்டிய பெனியன் போடுங்கள். நெஞ்சு முடி அடர்த்தியானவர்கள் சென்சரை இடப்பக்கம் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம்.

நெஞ்சுப்பட்டி பிறந்த இடத்தையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். கம்பியில்லாமல் துடிப்பைக் கைக்கு அனுப்பும் முதல் கருவியைப் போலார் நிறுவனம் 1982இல் ஃபின்லாந்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பனியில் சறுக்கி ஓடுபவர்களின் நாடு அது. குளிரில் கையின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும், மணிக்கட்டில் வெளிச்சத்தை வைத்து எண்ணுவது அங்கே கடினம். திருகோணமலை வெக்கையில் தோலின் குழாய்கள் விரிந்தே இருக்கின்றன. குளிர்நாட்டுக்காரர் எழுதும் குறைகளைப் படித்துவிட்டு நம் வாட்சைத் தூக்கி எறிய வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் நம் வெய்யில் வாட்சுக்கு உதவுகிறது.

ஏற்றத்தில் பட்டி உடனே ஏறுகிறது. வாட்ச் பின்னால் வருகிறது

கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை வேகமாக ஏறிப் பாருங்கள். பட்டி 165ஐத் தொட்டிருக்கும்போது வாட்ச் இன்னும் 148இல் நிற்கலாம். மேலே போய் நின்று மூச்சு வாங்கும்போதுதான் வாட்ச் தன் உச்சத்தைக் காட்டும், அதற்குள் பட்டி இறங்கத் தொடங்கியிருக்கும். இது பழுதில்லை. ஆட்டத்தைச் சமாளிக்க வாட்ச் பல வினாடிகளின் சைகையைச் சேர்த்துச் சராசரி எடுத்துத்தான் எண்ணைத் தருகிறது. இரண்டு கோடும் ஒரே வடிவம், ஒன்று மட்டும் வலப்பக்கம் தள்ளி, கொஞ்சம் மழுங்கி இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

அரை நிமிட, ஒரு நிமிட வேக ஓட்டங்களுக்கு மட்டும் வாட்சின் எண்ணைப் பார்த்து ஓடாதீர்கள், அது காட்டுவது கடந்த கதை. பட்டியைக் கட்டுங்கள், அல்லது மூச்சை வைத்து ஓடுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் நீளும் ஓட்டங்களில் வாட்ச் எட்டிப் பிடித்துவிடும். பதிவு அமைப்பில் 'ஒவ்வொரு வினாடியும்' என்ற தெரிவு இருந்தால் அதை இட்டுக்கொள்ளுங்கள், கோடுகளை ஒப்பிட இலகுவாக இருக்கும்.

சைக்கிளில் மட்டும் வாட்ச் குறைத்துக் காட்டுகிறது

ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடிகிறது, தசைநார்கள் விறைக்கின்றன, வாட்சின் கீழே இரத்தம் சரியாக ஏறி இறங்குவதில்லை. வீதியின் அதிர்வு வேறு. நிலாவெளிப் பக்கம் நல்ல வீதியில் சரியாக இருந்த எண், ஒழுங்கைக்குள் திரும்பியதும் 95க்கு விழுந்தால் காரணம் இதுதான். வாட்சை முழங்கைப் பக்கமாக நன்றாக ஏற்றிக் கட்டுங்கள். தொடர்ந்து சைக்கிள் ஓடுபவர் என்றால் பட்டி, அல்லது மேற்கையில் கட்டும் ஒளிச் சென்சர் வாங்குவது நல்லது. அதுவும் வெளிச்சத்தால்தான் எண்ணுகிறது, ஆனால் அங்கே சதை அதிகம், மடிப்பு இல்லை.

உப்புவெளிக் கடலில் இறங்கியதும் பட்டி செத்துவிடுகிறது

இரண்டு காரணம் ஒன்றாகச் சேர்கின்றன. புளூடூத்தும் ஆன்ட் பிளஸ்ஸும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் பேசுகின்றன, அந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். நெஞ்சும் கையும் தண்ணீருக்குள் என்றால் செய்தி போய்ச் சேராது. இதற்காகவே சில பட்டிகள் துடிப்பைத் தமக்குள் சேமித்து, வெளியே வந்ததும் வாட்சுக்குக் கொடுக்கின்றன. பழைய 5 கிலோஹேர்ட்ஸ் முறை தண்ணீருக்குள்ளும் கிட்டத்தில் வேலை செய்யும், ஆனால் வாட்சும் அதை வாங்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் கடலுக்கே உரியது. உப்புத்தண்ணீர் உடம்பைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு தகடுகளுக்கும் நடுவில் கடல் நின்றால், இதயத்தின் சின்னச் சைகை அதன் வழியே குறுக்காக ஓடிவிடும், சேமிக்கும் பட்டிக்கும் எட்டாது. பட்டியை இறுக்கி, மேலே நீச்சல் ரீசேட்டை ஒட்டப் போட்டால் தண்ணீர் உள்ளே புகுவது குறையும். கடல் நீச்சலில் நான் எண்ணைப் பெரிதாக நம்புவதில்லை. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவதை மட்டும் தவறவிடாதீர்கள், அடுத்த பகுதியின் பாதித் தொல்லை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பட்டி பாதியாக அல்லது இரட்டிப்பாகக் காட்டுகிறது. அரை மணிக்குப் பிறகு விட்டு விட்டு வருகிறது

சரியாகப் பாதி என்றால் பட்டி ஒன்று விட்டு ஒரு துடிப்பைத் தவறவிடுகிறது. இரட்டிப்பு என்றால் ஒவ்வொரு துடிப்பிலும் வரும் இரண்டாவது சின்ன அலையையும் துடிப்பாக எண்ணுகிறது. பட்டியைச் சற்று மேலோ கீழோ நகர்த்தினால் இரண்டும் அநேகமாகத் தீரும். சென்சர் தலைகீழாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தீராவிட்டால் பற்றரி. பெரும்பாலும் சிஆர்2032 அல்லது சிஆர்2025 என்ற காசு போன்ற பற்றரிதான். இரண்டும் ஒரே அகலம், தடிப்பு வேறு. ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் சரியாகத் தொடாது அல்லது மூடி பூட்டாது. ஓடி முடித்ததும் சென்சரைப் பட்டியிலிருந்து கழற்றி வையுங்கள். ஈரமான பட்டியில் மாட்டியபடியே விட்டால் இன்னும் நெஞ்சில் இருப்பதாக நினைத்து அது விழித்திருக்கும், பற்றரி வீணாகும். பட்டியின் பொத்தான்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருந்தால் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துக் கழுவுங்கள். இதெல்லாம் செய்தும் பழையபடி என்றால் துணிப்பட்டி தேய்ந்துவிட்டது. சென்சரை எறியாமல் பட்டியை மட்டும் மாற்றலாம்.

"நம் கறுத்தத் தோலுக்கு வாட்ச் சரிவராதாமே?"

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனினும் பச்சை வெளிச்சத்தை உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தார் எல்லாத் தோல் நிறங்களிலும் 53 பேரை வைத்துச் செய்த ஆய்வில், நிறத்தால் துல்லியத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. எந்தக் கருவி, உடம்பு ஓய்வில் இருக்கிறதா அசைகிறதா என்பதுதான் பெரிய வித்தியாசத்தைத் தந்தது. எனவே முதலில் கட்டுவதைத் திருத்துங்கள். பச்சை குத்தியிருக்கும் இடம் வேறு கதை. மை வெளிச்சத்தை மறித்துவிடும், கையை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டும் ஒத்துப்போகின்றன, ஆனால் எண் மிக அதிகம்

அப்படியென்றால் கருவியில் குறை தேட வேண்டாம். ஆனி ஆடியில் ஒன்பது மணி வெய்யிலில் ஓடினால், அதே வேகத்துக்கு முதல் கிலோமீற்றரில் 140 இருந்தது ஆறாவதில் 155 ஆகும். உடம்பைக் குளிரவைக்க இரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையால் இரத்தத்தின் நீர் குறைகிறது. ஒரு துடிப்புக்கு வெளியேறும் இரத்தம் குறைய, இதயம் துடிப்பைக் கூட்டி ஈடுசெய்கிறது. விடிய முன் ஓடுங்கள், தண்ணீர் குடியுங்கள், வெக்கை நாட்களில் வேகத்தைக் குறைத்து எண்ணை அதே அளவில் வையுங்கள்.

"உச்ச வலயம்" என்று வாட்ச் சிவப்புக் காட்டினால், அந்த உச்சம், அதாவது உங்கள் இதயம் எட்டக்கூடிய அதிகபட்சத் துடிப்பு, எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 220இலிருந்து வயதைக் கழித்த கணக்காக இருக்கும். 2001இல் வந்த இன்னொரு கணக்கு, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொல்கிறது. நாற்பது வயதில் இரண்டும் 180தான். ஐம்பத்தைந்தில் முதலாவது 165, இரண்டாவது ஏறக்குறைய 170. இரண்டுமே பலரின் சராசரி. ஒரு தனி மனிதரின் உண்மையான உச்சம் பத்துக்கு மேல் விலகியிருப்பது சாதாரணம்.

எதுவும் பொருந்தவில்லை, நெஞ்சிலும் ஏதோ செய்கிறது

மேலே சொன்ன எல்லாவற்றிலும் நீங்கள் நலமாக இருக்கிறீர்கள், எண் மட்டும்தான் விசித்திரம். அது வேறு, இது வேறு. எண் தாவும்போது நெஞ்சு படபடத்தால், தலை சுற்றினால், நெஞ்சில் இறுக்கமோ வலியோ வந்தால், வாட்சைத் திருத்திக்கொண்டு நிற்காதீர்கள். ஓட்டத்தை நிறுத்தி உட்காருங்கள். வலி இருந்தால், மயக்கம் வந்தால், கூட இருப்பவரை 1990க்கு அழைக்கச் சொல்லுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

அவ்வளவு மோசமில்லை என்றால், பெருவிரலின் கீழே மணிக்கட்டில் நடு இரண்டு விரல்களை வைத்து முப்பது வினாடிகள் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நின்ற உடனே துடிப்பு வேகமாக இறங்கும் என்பதால், மூன்று நிமிடம் உட்கார்ந்த பிறகு எண்ணினால்தான் கருவியோடு ஒப்பிடலாம். விரலுக்கும் கருவிக்கும் மூன்று நான்கு வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. எண்ணிக்கையைவிட ஒழுங்கைக் கவனியுங்கள். ஒரே இடைவெளியில் வருகிறதா, அல்லது ஒன்று முந்தி, ஒன்று பிந்தி, ஒன்று இல்லாமலே போகிறதா? ஒழுங்கில்லாமல் வந்தால், அல்லது ஓய்விலும் மிக வேகமாக நின்றால், அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். செயலியில் அந்த ஓட்டத்தின் கோட்டை அழிக்காமல், நேரத்தோடு படம் எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் கோடு ஈசிஜி ஆகாது, வைத்தியர் தனியே எடுப்பார். ஆனால் எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், என்ன வேகத்தில் ஓடும்போது வந்தது என்று அவர் கேட்கும் கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கும்.